குவாங்சோவில் வாய்ப்புண்: சீனத்துச் சூடும் நம்ம ஊர்ச் சூடும் ஒன்றுதானா?

#1 நூல்கண்டு

எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பூர்க்காரன். துணி, லேஸ், பட்டன் கொள்முதலுக்காக ஏழு மாதமாகக் குவாங்சோவில் இருக்கிறேன். ஜோங்தா துணிச்சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், மூன்றாம் மாடியில் ஓர் அறை. கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா. எழுபது வயது இருக்கும்.

இப்போது லிச்சி சீசன். சந்து முழுக்கக் கூடை கூடையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். மூன்று நாளாக ராத்திரிச் சாப்பாடே அதுதான். நாலாம் நாள் காலையில் நாக்கடியில் இரண்டு புண், உதட்டுக்குள் ஒன்று. கண் வேறு எரிகிறது. அந்த அம்மா என் குப்பைக்கூடையில் கிடந்த தோலைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், "யித் ஹேய்" என்றார். போனில் மொழிபெயர்த்தால் 'சூடான காற்று' என்று வருகிறது. அதோடு "ஒரு லிச்சி, மூன்று தீ" என்று ஒரு சொலவடை வேறு.

அப்புறம் கையைப் பிடித்து முனைக்கடைக்கு இழுத்துப் போனார். காகிதக் கோப்பையில் கறுப்பாக ஒரு கஷாயம். பெயர் 'இருபத்துநாலு சுவை'யாம். இருபத்துநாலும் கசப்புதான். நிலவேம்பு குடித்து வளர்ந்த எனக்கே இறங்க மாட்டேன் என்றது.

கேட்க வந்தது இதுதான். இவர்கள் சொல்கிற சூடும், நம்ம அம்மா "உடம்பு சூடாயிருச்சு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று சொல்கிற சூடும் ஒன்றா? ஒன்று என்றால் நம்ம ஊர்ப் பட்டியலையே வைத்துக்கொண்டு இங்கே சாப்பிடலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தேக்கா_அக்கா

தம்பி, சிங்கப்பூரில் முப்பது வருஷமாக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இங்கே சீனர், மலாய்க்காரர், நாம் எல்லாருக்கும் 'ஹீட்டி', 'கூலிங்' என்பது ஒரே பேச்சுதான். டுரியான் ஹீட்டி, அதனால் கூடவே மங்குஸ்தீன் வாங்கியாக வேண்டும். என் எதிர்வீட்டுச் சீன அக்கா, டுரியான் தோலின் குழியில் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை உப்புப் போட்டு "இதைக் குடி, சூடு இறங்கும்" என்று நீட்டுவார். குடித்திருக்கிறேன். இறங்கியதா என்று கேட்காதீர்கள்.

அவர்கள் கணக்கில் சாப்பாட்டுக்கு நான்கு குணம்: சூடு, வெதுவெதுப்பு, இளங்குளிர்ச்சி, குளிர்ச்சி. எதிலும் சேராமல் நடுவில் நிற்பவை தனி. அரிசிச் சோறு அப்படித்தான். கோழி வெதுவெதுப்பு, வாத்து குளிர்ச்சிப் பக்கம். நண்டு நல்ல குளிர்ச்சி, அதனால்தான் நண்டுக்கு இஞ்சி இல்லாமல் அவர்கள் கை வைக்க மாட்டார்கள். தர்பூசணி, வெள்ளரி, பாசிப்பயறு எல்லாம் குளிர்ச்சி. லிச்சி, லாங்கான், டுரியான் எதிர்ப்பக்கம்.

இப்போதைக்குப் பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர், பேரிக்காய், சாமந்திப்பூத் தேநீர். பொரித்ததை நாலு நாள் தொடாதீர்கள்.

#3 தெர்மாமீட்டர்

மூன்று நாள் லிச்சியை மட்டும் தின்றால் யாருக்கும் வாய் வெந்துதான் போகும். சர்க்கரை, அமிலம், கூடவே நீங்கள் சொல்லாத தூக்கக்குறைவு. சாதாரண வாய்ப்புண் 7 முதல் 14 நாளில் தானே ஆறும். கஷாயம் குடித்தால் ஒரு வாரம், குடிக்காவிட்டால் ஏழு நாள்.

'சூடு' என்றால் எத்தனை டிகிரி? எந்தக் கருவியில் அளந்தார்கள்? நண்டை வெந்நீரில் போட்டாலும் குளிர்ச்சி, இஞ்சியை ஐஸில் வைத்தாலும் சூடு. என் பெயருக்கே இது அவமானம்.

#4 சுக்குமல்லி

@நூல்கண்டு, ஒன்றேதான், சந்தேகமே வேண்டாம். இங்கிருந்து போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் அங்கே சீன வைத்தியம் என்று பெயர் மாறி நிற்கிறது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றையும் எடுத்துவிட்டால் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சாது. நம்ம பட்டியலையே வைத்துக்கொள்ளுங்கள். வெந்தயத்தைத் தயிரில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள், இரண்டு நாளில் குளிர்ந்துவிடும்.

#5 செங்டு_ரிட்டர்ன்ஸ்

நான் செங்டுவில் எம்.பி.பி.எஸ். படித்தவன். சீன மருத்துவம் எங்களுக்கு ஒரு பாடமாகவே இருந்தது. பரீட்சைக்காகப் படித்து மறந்திருப்பேன், விடுதிச் சமையல்காரம்மா மறக்க விடவில்லை. சுக்குமல்லி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்றில்லை.

அவர்களிடம் வாத பித்த கபம் கிடையாது. யின் (குளிர்ச்சிப் பக்கம்), யாங் (அனல் பக்கம்), அப்புறம் ஐந்து மூலகங்கள்: மரம், தீ, மண், உலோகம், நீர். நம்ம ஐம்பூதத்தோடு பெயரளவில் ஒத்துப்போவது மூன்றுதான். ஐந்து சுவையை ஐந்து உறுப்புகளோடு கட்டுகிறார்கள்: புளிப்பு கல்லீரலுக்கு, கசப்பு இதயத்துக்கு, இனிப்பு மண்ணீரலுக்கு, காரம் நுரையீரலுக்கு, உப்பு சிறுநீரகத்துக்கு. நமக்கு ஆறாவதாகத் துவர்ப்பு உண்டு. அவர்களுடைய ஐந்தில் அதற்குத் தனி இடமில்லை.

ஒரே பொருளுக்கு இரண்டு ஊரிலும் ஒரே குணம் சொல்வார்கள் என்றும் நம்ப வேண்டாம். நீங்கள் சொன்ன வெந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது குளிர்ச்சிக்கு ராஜா. சீன மருந்துக்கடையில் அதன் பெயர் ஹூலுபா. குணம்: வெதுவெதுப்பு. சிறுநீரகத்தின் யாங்கை ஏற்றுவதற்கும், அடிவயிற்றிலும் காலிலும் தங்கிய குளிரை ஓட்டுவதற்கும் கொடுப்பது. பரீட்சையில் குளிர்ச்சி என்று எழுதி ஒரு மதிப்பெண் போனவன் சொல்கிறேன்.

கொடுக்கல் வாங்கல் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். திப்பிலிக்கு அவர்கள் வைத்திருக்கும் பீபா என்ற பெயர் பிப்பலி என்ற வடசொல்லில் இருந்து போனது. ஏழாம் நூற்றாண்டில், தாங் அரசமரபுக் காலத்தில் இருந்த சீன மருத்துவர் சுன் சிமியாவ், இந்திய வைத்தியர் ஜீவகரின் பெயரைச் சொல்லி, 'உலகில் மருந்தாகாத பொருள் ஒன்றுமே இல்லை' என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார். போதிதர்மரைப் படத்தில் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே சுன் சிமியாவ்தான் இந்தக் கேள்விக்கு முக்கியமான ஆள். நோய் எங்கிருந்து வந்தது என்று முதலில் கண்டுபிடி, உணவால் சரிசெய்து பார், உணவால் ஆகாவிட்டால் அப்புறம் மருந்துக்குப் போ என்பது அவருடைய வரிசை. அவருடைய மாணவர் மெங் ஷென் உணவு வைத்தியத்துக்கென்றே நூல் எழுதினார். 1330இல் ஹூ சிஹுய் என்ற அரண்மனை உணவு அதிகாரி மங்கோலியப் பேரரசருக்கு ஒரு நூல் கொடுத்தார். அதில் ஆட்டுக்கறி சூப்புக்குக் குறைவே இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னே, ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய சீன மருத்துவ நூலிலேயே சாப்பாட்டுத்தட்டு பிரித்தாகிவிட்டது: ஐந்து தானியம் ஊட்டுவதற்கு, ஐந்து பழம் துணைக்கு, ஐந்து இறைச்சி வலுவுக்கு, ஐந்து காய்கறி நிரப்புவதற்கு. தானியம் நடுவில், இறைச்சி ஓரத்தில். இன்றைக்கு அங்கே ஓட்டல்களில் நடப்பது நேர்த்தலைகீழ்.

இனி @நூல்கண்டு கேட்டதற்கு வருகிறேன். வாய்ப்புண் என்றாலே குளிர்ச்சி கொடு என்பது கடைக்காரர் வைத்தியம். அவர்கள் பாடத்தில் 'நிறைந்த தீ', 'வெறுந்தீ' என்று இரண்டு உண்டு. பொரித்ததும் லிச்சியும் தின்று வருவது நிறைந்த தீ. நாக்கு சிவந்து மேலே மஞ்சள் படிவு இருக்கும். ராத்திரி இரண்டு மணிவரை கண்டெய்னர் கணக்குப் பார்த்து வருவது வெறுந்தீ. உடம்பில் ஈரம் வற்றியதால் அனல் தெரிகிறது என்பார்கள், அந்த நாக்கில் படிவே இருக்காது. முதல் ஆளுக்குக் கசப்புக் கஷாயம். இரண்டாம் ஆளுக்கு அதையே கொடுத்தால் வயிறு கெட்டு இன்னும் தளர்வான். அவனுக்கு வெள்ளைக் காளானும் பேரிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி மாதிரி ஒன்று. அந்த அம்மா முதலில் நாக்கைப் பார்த்தது இதற்குத்தான். அப்போது உங்கள் நாக்கு எப்படி இருந்தது?

#6 நூல்கண்டு

@செங்டு_ரிட்டர்ன்ஸ், கண்ணாடியில் பார்த்தேன் டாக்டர். நுனி சிவப்பு, நடுவில் மஞ்சள். ஓரத்தில் பல் பதிந்த தடம் வேறு இருக்கிறது. அது என்ன கணக்கு?

#7 வாசலில்_நிற்பவன்

கோஜி பெர்ரி சாப்பிட்டால் எடை குறையுமா? கிலோ என்ன விலை?

#8 தெர்மாமீட்டர்

@செங்டு_ரிட்டர்ன்ஸ், சுவையாகச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் நீங்கள் படித்த ஊரையே எடுத்துக்கொள்வோம். சிச்சுவானில் மூன்று வேளையும் மிளகாய். இந்தக் கணக்குப்படி அந்த மாகாணமே பற்றி எரிய வேண்டாமா? கேட்டால், "எங்கள் ஊர் ஈரமானது, மிளகாய் ஈரத்தை விரட்டும்" என்பார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சீனத்தில் அதைப் பற்றிய முதல் குறிப்பே 1591இல் எழுதப்பட்ட ஒரு நூலில்தான். அதற்கு முன்னால் ஈரத்தை யார் விரட்டினார்கள்? வந்த பொருளுக்கு வசதியாக ஒரு காரணம் தைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

#9 செங்டு_ரிட்டர்ன்ஸ்

@தெர்மாமீட்டர், மிளகாய்க்கு முன்னால் சிச்சுவான் மிளகும் இஞ்சியும் விரட்டின. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. புதுப் பொருள் வரும்போது தின்று பார்த்து, உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் பட்டியலில் ஏற்றினார்கள். காரணம் பின்னால் வந்ததுதான். ஒரே மிளகாயைச் செங்டுவில் தின்றால் ஒன்றுமில்லை, குவாங்சோவில் தின்றால் முகத்தில் கட்டி வருகிறது என்று என்னோடு படித்த சிச்சுவான் பையன்களே புலம்புவார்கள். அது மிளகாயா, ஊரா, வீட்டை விட்டு வந்த வருத்தமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

@நூல்கண்டு, பல் தடம் என்றால் 'ஷீ', அதாவது ஈரம். மண்ணீரல் தளர்ந்திருக்கிறது என்பார்கள். ஸ்கேனில் தெரிகிற மண்ணீரலை நினைத்துப் பயப்படாதீர்கள். அவர்கள் பேச்சில் அது சாப்பிட்டதைச் செரித்து, சத்தாக்கி, உடம்பெங்கும் ஏற்றி அனுப்புகிற வேலையின் பெயர். அந்த வேலைக்கு இதமான அனல் வேண்டும், ஈரம் ஆகாது. ஐஸ் தண்ணீர், பச்சைக் காய்கறிக் குவியல், எண்ணெய், தித்திப்பு, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு எல்லாம் அதற்குப் பகை. குவாங்சோவில் மார்ச், ஏப்ரலில் இருந்தீர்களா? சுவர் வியர்த்து, தரையில் தண்ணீர் நின்று, துவைத்த துணி நாலு நாள் காயாமல் இருந்திருக்குமே, அதற்கு 'ஹுயி நான் தியான்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் ஈரம் என்பது கற்பனை இல்லை.

#10 நூல்கண்டு

இருந்தேன் டாக்டர். சாம்பிள் துணி மொத்தமும் பூஞ்சை பிடித்து, ஒரு ஆர்டரே போச்சு. அதை ஏன் கேட்கிறீர்கள்.

#11 தேக்கா_அக்கா

மண்ணீரல் என்றதும் என் பேறுகாலம் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது பையன் பிறந்தபோது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கும் அதே வாரம் குழந்தை. அவர்கள் 'மாதம் உட்காருதல்' என்று முப்பது நாள் வீட்டை விட்டு வெளியே விட மாட்டார்கள். பச்சைத் தண்ணீர் கூடாது, முள்ளங்கி, வெள்ளரி கூடாது, காற்றுப் படக்கூடாது. அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு எனக்குப் பூண்டுக் குழம்பும் பேறுகால லேகியமும் கொடுத்தார். அங்கே இஞ்சியைக் கிலோக்கணக்கில் கறுப்பு இனிப்பு வினிகரில் போட்டுப் பன்றிக்காலும் முட்டையும் சேர்த்து மண்பானையில் கொதிக்க விட்டார்கள். ஐந்தாம் மாடி முழுக்க இஞ்சி வாசம். இரண்டு பாட்டிகளுக்கும் பேச மொழி இல்லை. அம்மா ஒருநாள் அந்தப் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இஞ்சி போடுறாங்க, சரிதான். ஆனா புளிப்பு எதுக்கு? பச்சை உடம்புக்காரிக்குப் புளி ஆகாதே" என்றார். அந்த அக்கா எங்கள் கருவாட்டுக் குழம்பைப் பார்த்து என்ன சொன்னாரோ.

நான் இரண்டு பக்கமும் சாப்பிட்டேன். பன்றிக்காலை மட்டும் விட்டுவிட்டேன்.

#12 தெர்மாமீட்டர்

அக்கா, பாட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை. 'ஆயிரமாண்டு ஞானம்' என்று யாராவது கும்பிடச் சொன்னால்தான் சண்டை.

சீனத்தில் எல்லாரும் புகழ்ந்து குடிக்கிற வெந்நீரைப் பாருங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அதே முகமை, சீன முறையில் உப்பிட்ட மீனை உறுதியான புற்றுக்காரணிப் பட்டியலில் வைத்திருக்கிறது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் குவாங்சோ இருக்கிற குவாங்தோங் மாகாணத்தில் அதிகம் என்பது ஊரறிந்தது. அப்புறம் அந்த மூன்று மணிநேர சூப். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று கறியை ஒதுக்கிவிடுகிறார்கள். புரதத்தில் பெரும்பகுதி கறியிலேயே நிற்கிறது. தண்ணீரில் இறங்குவது உப்பும் கொழுப்பும், உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரினும்தான். யூரிக் அமிலம் உள்ளவர் தினமும் அதைக் குடித்தால் கால் கட்டைவிரல் பதில் சொல்லும்.

#13 சுக்குமல்லி

@செங்டு_ரிட்டர்ன்ஸ், வெந்தயம் பற்றி எழுதியதைப் படித்து நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உண்மையாகவே வெதுவெதுப்பா? நம்மவர்கள் ஊறவைக்கிறோம், அவர்கள் வறுக்கிறார்களோ? பக்குவம் மாறினால் குணம் மாறும். இஞ்சி வேறு, சுக்கு வேறு இல்லையா?

#14 செங்டு_ரிட்டர்ன்ஸ்

ஐயா, நீங்கள் இப்போது சொன்னதைத்தான் அவர்கள் முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள். பச்சை இஞ்சி வெதுவெதுப்பு, சுக்கு சூடு. இரண்டுக்கும் மருந்துக்கடையில் தனித்தனி இழுப்பறை. பச்சைத் தாமரைக்கிழங்கு குளிர்ச்சி, அதையே வேகவைத்தால் வெதுவெதுப்புப் பக்கம் திரும்பிவிடும். வெந்தயத்தை உப்புநீர் தெளித்து வறுப்பதும் உண்டு. ஆனால் வறுக்காததையும் வெதுவெதுப்பு என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அதனால் உங்கள் தூக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.

@தெர்மாமீட்டர் சொன்ன மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வெந்நீர்ப் பழக்கத்தில் பாதி வைத்தியம், பாதி சர்க்கார்: 1952இல் தொடங்கிய சுகாதார இயக்கம் ஊர் ஊராகக் காய்ச்சிய தண்ணீரைக் குடிக்க வைத்தது. வயிற்றுப்போக்குக்கு அஞ்சிக் காய்ச்சினார்கள், வெதுவெதுப்பாகக் குடித்தால் போதும். உப்பும் அப்படித்தான். சீனத்தின் 2022 உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. ஊறுகாய்க் கீரையும் சோயா சாஸும் வைத்துக்கொண்டு அந்தக் கணக்குக்குள் நிற்பது லேசான காரியமில்லை.

ஒன்று மட்டும் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். 'உணவுதானே, என்ன செய்துவிடும்' என்று மருந்தோடு சேர்க்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கோஜி பழத் தேநீரும் தாங்க்குய் என்ற சீன மருந்து வேரும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ரத்தக்கசிவில் முடியும். மூலிகைத் தேநீர்களில் தித்திப்புக்குச் சேர்ப்பது அதிமதுரம். வாரக்கணக்கில் குடித்தால் ரத்தஅழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு யீமி, அதாவது சிங்கப்பூரில் சைனீஸ் பார்லி என்று விற்கும் அந்த வெள்ளை முத்துத் தானியத்தை, அவர்களே கொடுக்க மாட்டார்கள்.

உணவாகவும் மருந்தாகவும் விற்கலாம் என்று சீன அரசே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2002இல் அதில் 87 பொருள்கள். 2019இல் ஆறு சேர்த்தார்கள், மசாலாப் பொருளாக மட்டும் என்ற நிபந்தனையோடு. சுக்குமல்லி ஐயாவுக்காகவே சொல்கிறேன்: அந்த ஆறில் மஞ்சள், திப்பிலி, குங்குமப்பூ மூன்றும் இருக்கின்றன. நம்ம பாட்டி ரசத்தில் தட்டிப்போட்டதற்கு அங்கே 2019இல்தான் முத்திரை கிடைத்தது.

@வாசலில்_நிற்பவன், எடை குறையாது. விலை தெரியாது.

#15 மட்டுறுத்துநர்

போதிதர்மர் பற்றி வந்த பதினொரு பதிவுகளை வரலாறு பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே சாப்பாடு மட்டும் பேசுங்கள்.

#16 தேக்கா_அக்கா

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சரியாகக் காட்ட வேண்டுமென்றால் பதிவுபெற்ற சீன வைத்தியரிடம் போங்கள், இங்கே அதற்குச் சட்டமே 2000இல் வந்துவிட்டது. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் எல்லா இனத்தாரையும் பார்க்கும். என் மாமியார் மூட்டுவலிக்குப் போயிருக்கிறார். அங்கே முதலில் கேட்டது, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதானாம். மாமியார் பொய் சொன்னார். நாக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம் அந்த டாக்டர்.

#17 நூல்கண்டு

எல்லாருக்கும் நன்றி. புண் ஆறிவிட்டது. @தெர்மாமீட்டர் கேட்பார் என்று எண்ணி வைத்தேன்: ஒன்பதாம் நாள். அதை உங்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கஷாயத்தை இரண்டு நாள் குடித்தேன். நல்லதுதானே என்று மூன்றாம் நாளும் கடைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா மாடிப்படியிலேயே மறித்துவிட்டார். போதுமாம். அதற்கு மேல் குடித்தால் மண்ணீரல் குளிர்ந்துபோகுமாம். டாக்டர் எழுதியதை அப்போதுதான் படித்திருந்தேன், ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பதில் பாசிப்பயறைக் குழைய வேகவைத்து, கட்டிச்சர்க்கரை போட்டு ஒரு கிண்ணம் கொடுத்தார். நம்ம பாசிப்பயறு பாயசம் போலவே இருக்கிறதே என்று ஒரு வாய் வைத்தேன். நாக்கில் ரப்பர் மாதிரி ஏதோ சிக்கியது. இழுத்துப் பார்த்தால் கடற்பாசி! விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டையாக, வழுவழுவென்று, பாயசத்துக்குள் கடற்பாசி. "இதுவும் குளிர்ச்சி, தின்னு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். மூன்றாம் கரண்டிக்கு மேல் பழகிவிட்டது.

லிச்சி தின்னும் முறையும் சொல்லிக்கொடுத்தார். உரித்த பழத்தைக் கொஞ்ச நேரம் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்து எடுக்க வேண்டும், ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் கூடாது. சாப்பாட்டுக்குப் பதிலாகத் தின்றதைச் சொன்னபோது, என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பல் தடம் இன்னும் போகவில்லை. ராத்திரி பத்து மணிப் பிரியாணியை எட்டு மணிக்கு நகர்த்தியிருக்கிறேன். காலையில் நொய்க்கஞ்சி. 'குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, வைத்தியர் சீட்டு வேண்டாம்' என்று இன்னொரு பழமொழி சொன்னார். வெயிலில் எதற்கு இஞ்சி என்று கேட்டேன். கோடையில் வெளியேதான் சூடு, வயிறு ஐஸ் குடித்துக் குளிர்ந்து கிடக்கிறது என்றார். பதிலுக்கு நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பெரிய டம்ளரைக் காலி செய்துவிட்டார்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சுக்குமல்லி ஐயா சொன்னபடி, ஊரிலிருந்து கொண்டுவந்த வெந்தயத்தைத் தயிரில் ஊறவைத்து அந்த அம்மாவிடம் காட்டி, "எங்கள் ஊரில் இது குளிர்ச்சி" என்றேன். ஒன்றை எடுத்து முகர்ந்தார். கடித்தார். பிறகு ஊறாத வெந்தயம் ஒரு கை வாங்கிக்கொண்டு கஷாயக் கடைக்கே நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். கடைக்காரர் பார்த்த உடனே "ஹூலுபா" என்றார். இரண்டு பேரும் தயிர்க் கிண்ணத்தைப் பற்றிப் பேசி ஐந்து நிமிஷம் சிரித்தார்கள். வாலிபப் பையன் கோடைகாலத்தில் கிழவர்கள் மருந்தைப் பச்சைத் தயிரில் போட்டுத் தின்கிறான் என்பது போல ஏதோ, எனக்குப் பாதிதான் புரிந்தது.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். அந்த அம்மா ஒரு கிலோ வெந்தயம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்கு முழங்கால் குளிருமாம்.

#18 சுக்குமல்லி

ஊறவைத்துக் கொடுக்கப் போகிறார்களா, வறுத்தா? கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.